கோணி போர்த்திய ஆடுகள்

தீர்த்தா புளி தட்டிக்கொண்டிருந்தாள். இடது கையில் பழம், வலது கையில் ஒரு சாண் இரும்புக் கம்பி, முன்னால் தட்டையான கருங்கல். ஒரு தட்டு தட்டினால் கொட்டை தெறித்து ஒரு பக்கம் விழ வேண்டும், நாரை உருவி இன்னொரு பக்கம் போட வேண்டும், சதை மட்டும் மடியிலிருக்கும் முறத்துக்குப் போக வேண்டும். மாசி பிறந்து சித்திரை முடிகிறவரைக்கும் ஊத்துப்பள்ளத்துப் பெண்களுக்கு இதுதான் வேலை. விரல் இடுக்கெல்லாம் புளிப்பு ஏறி, நகக்கண் கறுத்து, வீட்டுக்குப் போய்ப் பிள்ளையைத் தூக்கினால் பிள்ளை கையை நக்கிவிட்டு முகத்தைச் சுளிக்கும்.

புளிக்கொட்டகையில் பதினோரு பேர். மத்தியானம் கம்பிகளைக் கீழே வைத்ததும் பதினோரு தூக்குப்போசிகளும் திறக்கும். சோறு அவரவருக்கு, குழம்பு மட்டும் எல்லோருக்கும். ஒரு வீட்டுக் கத்தரிக்காயும் இன்னொரு வீட்டுக் கருவாடும் அடுத்த வீட்டு வெறும் ரசமும் ஒரே அலுமினியக் குண்டானில் ஊற்றப்பட்டு, கலக்கப்பட்டு, கரண்டி கரண்டியாகப் பிரியும். ரசம் கொண்டுவந்தவளுக்கு வெட்கம் வரக்கூடாது என்று யாரோ எப்போதோ தொடங்கிய வழக்கம். இது கொட்டகைக்கு வெளியே யாருக்கும் தெரியாது. எந்தப் புருஷனும் பொண்டாட்டி மத்தியானம் எப்படிச் சாப்பிடுகிறாள் என்று கேட்டதில்லை. தீர்த்தாவின் புருஷன் மாதேஷும் கேட்டதில்லை, அதனால்தான் அந்தத் தப்பு நடந்தது.

தீர்த்தாவுக்குப் பெண்குழந்தை பிறந்து ஐந்து மாதம். பிரசவத்தில் கிழிந்த இடத்தில் தையல் போட்டு அனுப்பியபோது நர்சம்மா, ஆறு வாரம் பொறுக்கணும், வலி இருந்தா அதுக்கு மேலயும் பொறுக்கணும், வீட்டுக்காரர்கிட்ட சொல்லிடு என்றாள். தீர்த்தா வெட்கப்பட்டு மாமியார் குப்பம்மாளிடம் சொன்னாள். குப்பம்மாள் மகனிடம் இதை எப்படிச் சொல்வது என்று வெட்கப்பட்டு, அடுப்பை ஊதிக்கொண்டே இருந்துவிட்டாள். மூன்று பெண்களின் கை மாறி வந்த சொல் அடுப்புச் சாம்பலில் விழுந்து போயிற்று. மூன்றாவது வாரமே மாதேஷ் பாயை இழுத்துப் பக்கத்தில் போட்டான். வலிக்குது என்றாள் தீர்த்தா. எல்லாருக்கும் அப்படித்தான் இருக்கும் என்றான் மாதேஷ். அதற்கப்புறம் அவள் சொல்லவில்லை. அவளுக்குள் இருந்த ஏதோ ஒன்று எழுந்து, கதவைத் திறந்துகொண்டு, ஏரிக்கரைப் பக்கம் போய்விட்ட மாதிரி அன்றைக்கு அவளுக்குத் தோன்றியது. திரும்பி வரும் என்று கொஞ்ச நாள் பார்த்தாள். பிறகு பிள்ளை, சாணி, புளி என்று மறந்துபோனாள்.

மாதேஷ் கெட்டவன் என்று ஊரில் யாரும் சொல்ல மாட்டார்கள். குடிக்க மாட்டான், கை நீட்ட மாட்டான். பொண்டாட்டி சுவரைப் பார்த்துத் திரும்பிக்கொள்வது மட்டும் அவனுக்குப் பொறுக்கவில்லை. மாதத்துக்கு ஒருமுறை டவுன் லாட்ஜில் ரூம் எடுத்து உட்காரும் ஒரு டாக்டரைப் பற்றிச் சுவரொட்டியில் பார்த்து, ஒரு செவ்வாய்க்கிழமை பஸ் ஏறினான். டாக்டர் கட்டிலில் உட்கார்ந்திருந்தார், தலையணை மேல் பெட்டி திறந்திருந்தது.

"சம்சாரத்தைக் கூட்டிட்டு வரலையா?"

"வெக்கப்படுவாங்க சார்."

"எத்தனை நாளா இஷ்டம் இல்லாம இருக்காங்க?"

"புள்ள பொறந்ததுல இருந்து."

"சண்டை போடுவாங்களா?"

"இல்லீங்க. பேசாமக் கெடப்பா."

"அழுவாங்களா?"

மாதேஷ் யோசித்தான். "முடிஞ்சப்புறம்."

டாக்டர் எல்லாவற்றையும் எழுதிக்கொண்டார். ஏன் என்று மட்டும் அவரும் கேட்கவில்லை. ரோஜா நிறத்தில் பத்து மாத்திரை உள்ள ஓர் அட்டையைக் கொடுத்து, பொம்பளைங்களுக்கு ஆசை வர்றதுக்கு இப்ப மருந்து வந்திருச்சு, ராத்திரிக்கு ஒண்ணு, அவங்களுக்குத் தெரிஞ்சே குடுங்க என்று சொல்லி அனுப்பினார்.

தெரிஞ்சு கொடுக்கிற மருந்து மருந்தா என்று பஸ்ஸில் வரும்போது மாதேஷ் நினைத்தான். புருஷனுக்குப் பொண்டாட்டியும் பொண்டாட்டிக்குப் புருஷனும் சோற்றில் மருந்து வைத்த கதைகளைக் கேட்டு வளர்ந்தவன் அவன். தெரியாமல் உள்ளே போனால்தான் பிடிக்கும் என்பது அந்தப் பக்கத்து நம்பிக்கை. ராத்திரிக் குழம்பில் போட்டால் அம்மாவும் சாப்பிடுவாள், அது பாவம். மத்தியானத் தூக்குப்போசி அவளுக்கு மட்டும்தானே. ஒன்று ஒன்றாகப் போட்டுப் பத்து நாள் காத்திருக்கப் பொறுமையில்லாமல் பத்தையும் அம்மியில் வைத்துப் பொடித்து, அவள் பிள்ளைக்குப் பால் கொடுத்துக்கொண்டிருந்த நேரம் பார்த்து, அவரைக்காய்க் குழம்பில் கலக்கிவிட்டான். அன்றைக்கு மத்தியானம் அவரைக்காய்க் குழம்பு அலுமினியக் குண்டானுக்குப் போய், பத்து வீட்டுக் குழம்போடு சேர்ந்து, பதினோரு பேர் சோற்றில் விழுந்தது. கொட்டகையிலேயே வயதில் மூத்த ராஜகிளி, புருஷன் செத்துப் பன்னிரண்டு வருஷமானவள், விரலை நக்கிவிட்டு, "இன்னிக்குக் குழம்புல என்னமோ இருக்குடி, இன்னொரு கரண்டி ஊத்து" என்றாள்.

மறுநாள் விடிந்தபோது பத்து வாசல்களில் பத்துப் பெட்டை ஆடுகள் நின்றன. ஒன்றைத் தவிர எல்லாமே எங்கேயோ வெகுதூரம் நடந்து வந்த ஆடுகள். கால் குளம்பெல்லாம் செம்மண். பதினோராவது வாசலில், சின்னப்பொண்ணு வீட்டில், ஆடு இல்லை, நுனி அறுந்த கயிறு ஒன்று மட்டும் கிடந்தது. சின்னப்பொண்ணு அதை எடுத்துத் தூசி தட்டிச் சுருட்டி, கூரை எரவாணத்தில் செருகிவிட்டு வாசல் தெளித்தாள்.

அவை என்ன என்று யாரும் யாரையும் கேட்கவில்லை. தன் தாயைப் பின்னாலிருந்து பார்த்தாலும் தெரிகிற மாதிரி, பார்த்ததும் எல்லோருக்கும் தெரிந்துபோயிற்று. பால் வாங்க வந்தவர் சைக்கிளை நிறுத்தி, "ஓ, இது தீர்த்தாவோட ஆசை போலிருக்குது, நல்ல செவலை" என்று சொல்லிவிட்டு அளவுபடியை எடுத்தார். செவலை ஆடு. நெற்றியில் வெள்ளை. மெலிந்து, விலா எலும்பு எண்ணலாம் போலிருந்தது. தீர்த்தா இடுப்புப் பிள்ளையோடு வெளியே வந்தபோது அது அவளை வெகுநேரம் பார்த்தது. பிறகு வந்து புளிக்கறை படிந்த அவள் உள்ளங்கையில் மூக்கை வைத்தது. வைத்ததும் அவள் வாயில் கொழுந்துப் புளியிலையின் ருசி ஊறியது. காலை வெயில் கையில் பட்டு, அது இதமாக இருக்கிறது என்று அவளுக்குத் தெரிந்தது. ஐந்து மாதமாக வெயில் அடித்துக்கொண்டுதான் இருந்தது, அவளுக்குத்தான் தெரியவில்லை.

டீக்கடையில் மாதேஷ் உண்மையைச் சொல்ல வேண்டியதாயிற்று. "ஏன்டா, உன் பொண்டாட்டிக்கு மருந்து வைக்கிறதுக்கு எங்க வீட்டுப் பொம்பளைங்களுக்கும் சேர்த்தா வைப்ப?" என்று ஒருத்தர் சட்டையைப் பிடித்தார். இன்னொருத்தர், "விடுப்பா, கல்யாணச் சாப்பாடு மாதிரி ஊருக்கே போட்டுட்டான்" என்றார். சிரித்தார்கள். சிரித்து முடித்த பிறகு ஒவ்வொருத்தரும் தன் வீட்டு ஆட்டைப் பற்றி யோசித்து டீயை ஆறவிட்டார்கள். ஏனென்றால் ஆடுகள் சும்மா வரவில்லை. ஒன்றின் முதுகில் பெல்ட்டு வார் விழுந்த வரிகள் இருந்தன. ஒன்றின் தொடையில் பீடி நெருப்பு வைத்த பொட்டுகள். ஒன்றுக்குக் காயமே இல்லை, ஆனால் யார் கையைத் தூக்கினாலும் கண்ணை மூடிக்கொண்டது. கிளம்பிப்போன அன்றைக்கு எப்படியிருந்ததோ அப்படியே திரும்பி வந்திருந்தன. ராஜகிளியின் ஆடு மட்டும் எண்ணெய் தடவின மாதிரி மினுமினுப்பாக, கொழுத்து, மணியாட்டிக்கொண்டு நின்றது.

"அக்கா, தாலி அறுத்தவளுக்கு இதெல்லாம் எதுக்குன்னு ஊருல பேசுறாங்க" என்றாள் கொட்டகையில் ஒருத்தி.

"பேசட்டுமே. அவர் இருந்தப்ப அது நல்லாத் தின்னுச்சு, அவர் போனப்புறம் அவர் நெனப்பத் தின்னுது. வேலிய விட்டுப் போனதே இல்ல, நேத்து வாசலுக்கு வந்திச்சு, அவ்வளவுதான். உங்க வீட்டு ஆம்பளைங்கள வந்து பாத்துட்டுப் போகச் சொல்லு, ஆடு எப்படி வளக்குறதுன்னு."

கம்பிகள் நின்று, சிரிப்பு அடங்கி, மறுபடி கம்பிகள் விழுந்தன.

ஊர்க்கூட்டம் போட்டார்கள். சோற்றில் வைத்த மருந்தை எடுக்கிற பூசாரியிடம் பதினோரு பேரையும் கூட்டிப்போகலாமா என்று பேச்சு வந்தது. வந்ததை எடுத்துவிட்டால் அப்புறம் உள்ளே என்ன இருக்கும் என்று ஒருத்தர் கேட்டார், அந்தப் பேச்சை விட்டார்கள். ஆடுகளை மாரியம்மனுக்கு வெட்டலாமா என்று கேட்டதற்குப் பூசாரி, அம்மனும் பொம்பளைதான், வேண்டாம் என்றுவிட்டார். கடைசியில், அவரவர் ஆட்டை அவரவர் கட்டிக்கொள்வது, அடுத்தவர் ஆட்டை உற்றுப்பார்ப்பதில்லை என்று முடிவாயிற்று. அன்றிலிருந்து ஊத்துப்பள்ளத்தில் ஆடுகளுக்குக் கோணிப்பை போர்த்தினார்கள். பங்குனி வெயிலில், நாய்கூட நிழல் தேடிக் கிணற்றடியில் படுக்கிற வெயிலில், ராஜகிளியின் ஆட்டைத் தவிர மற்ற ஒன்பது ஆடுகள் சாக்கு போர்த்திக்கொண்டு நின்று இளைத்தன. பஸ்ஸில் போகிறவர்கள் எட்டிப்பார்த்து, இந்த ஊர் ஆடுங்களுக்குக் குளிர் போலிருக்கு என்று சொல்லிக்கொண்டு போனார்கள்.

ஆடுகள் வாசல்படி ஏறவில்லை. கயிறு போட்டு இழுத்தாலும் முன்னங்காலைப் படியில் ஊன்றிக்கொண்டு கத்தின. எந்த வீட்டில் இழுக்கிறார்கள் என்று தெருவுக்கே கேட்டதால் இழுப்பதை விட்டார்கள். ஆனாலும் மாதேஷுக்குச் சந்தோஷம்தான். "இன்னும் என்ன தீர்த்தா, அதுதான் திரும்பி வந்திருச்சே" என்றான். தழை ஒடித்துவந்து போட்டான், கழுத்துக்குச் சிவப்புக் கயிறு கட்டினான். வந்தது என்னவோ உண்மைதான். ஆட்டின் பக்கத்தில் உட்கார்ந்தால் தீர்த்தாவுக்குப் பூ வைத்துக்கொள்ளத் தோன்றியது, தூரத்தில் மாதேஷ் சைக்கிள் மிதித்து வருவதைப் பார்த்தால் முன்மாதிரி வயிற்றுக்குள் இளம் சூடு பரவியது. அவன் வீட்டுக்குள் வந்து கதவைச் சாத்தினால் உடம்பு பூராவும் வலி ஒன்றுதான் இருந்தது. ஆசை வந்தது, வலி போகவில்லை. இரண்டும் ஒரே உடம்பில் பக்கத்துப் பக்கத்து வீட்டுக்காரர்கள் மாதிரி முகம் பார்க்காமல் இருந்தன. முன்னால் ஒன்றுமே தெரியாமல் கிடந்தாள். இப்போது எல்லாம் தெரிந்துகொண்டே கிடந்தாள். அவனை வேண்டும் என்று இருக்கிறபோது அவன் கையே வலிப்பது முன்னைவிடப் பாரமாயிருந்தது.

ஆடுகளுக்குக் காதில் அடையாள வில்லை மாட்ட வந்த கால்நடை டாக்டரம்மாதான் முதலில் அந்தக் கோணியைத் தூக்கிப் பார்த்தது. சின்ன வயசு, ஸ்கூட்டர், வெள்ளைக் கோட், தோளில் பை. ஊரில் எல்லோரும் மாட்டு டாக்டரம்மா என்பார்கள். தீர்த்தாவின் ஆட்டைச் சுற்றிவந்து, வாலைத் தூக்கிப் பார்த்தவள் அப்படியே குந்தி உட்கார்ந்துவிட்டாள். பின்பக்கத்தில் கறுப்பு நூலில் தையல். பாதி பிரிந்து, ஓரம் சிவந்து, சீழ் கோத்திருந்தது.

"குட்டி போட்டப்பக் கிழிஞ்சிருக்கு. தைச்சது நல்லாத்தான் தைச்சிருக்காங்க. ஆறுறதுக்குள்ள கிடாவை விட்டிருக்கீங்க. அறிவிருக்கா உங்களுக்கு?"

மாதேஷ் கைகட்டி நின்றான். "தெரியலீங்க மேடம்."

"வாயில்லாத ஜீவன், அது எப்படிச் சொல்லும்? நீங்கதான் பாக்கணும். மூணு மாசத்துக்குக் கிடா பக்கமே வரக்கூடாது. தினம் வெந்நீர்ல கழுவி இந்தக் களிம்பைப் போடுங்க. சாக்கை எடுத்துட்டு நெழல்ல கட்டுங்க. கேட்டுச்சா?"

"சரிங்க மேடம்."

கேட்டது. அன்றைக்கே மாதேஷ் தென்னங்கீற்று வெட்டிவந்து ஆட்டுக்குத் தனிப்பந்தல் போட்டான். சுற்றிலும் முள்வேலி கட்டி, எந்தக் கிடாவும் நுழையாதபடி படலை வைத்துக் கயிற்றால் முடிந்தான். காலையும் மாலையும் தீர்த்தா வெந்நீர் வைக்க, குப்பம்மாள் வேப்பிலை போட்டு ஆற்றி, பஞ்சில் தொட்டுத் தொட்டுக் கழுவினாள். அப்படிக் கழுவும்போது ஒருநாள் குப்பம்மாள் ஆட்டின் காதோடு, "பொறுத்துக்கோடி கண்ணு, எரியத்தான் செய்யும், எனக்குத் தெரியும்டி" என்று சொன்னது படலுக்கு இந்தப் பக்கம் நின்ற தீர்த்தாவுக்குக் கேட்டது. கல்யாணமாகி வந்து இரண்டு வருஷத்தில் அந்தக் குரலில் அத்தை தன்னிடம் ஒரு வார்த்தை பேசியிருந்தால், என்று நினைத்தாள். மேலே நினைக்கத் தெரியாமல் சுடுதண்ணீர்ச் சட்டியை எடுத்துக்கொண்டு உள்ளே போனாள். ஊரே அந்த ஆட்டை விசாரித்தது. தெருவில் கிடாக்களை ஓட்டிப்போகிறவர்கள்கூட அந்த வீட்டைச் சுற்றிக்கொண்டு வேறு பாதையில் ஓட்டினார்கள். பச்சை உடம்பு, பாவம் என்றார்கள். டீக்கடையில் மாதேஷைப் புகழ்ந்தார்கள், டாக்டரம்மா சொன்ன சொல்லை மீறாதவன் என்று. அவன் வீட்டுக்குள் பாய் மட்டும் எப்போதும்போல் ஒன்றாகவே விரிந்தது.

பதினைந்து நாள் கழித்து டாக்டரம்மா மறுபடி வந்தாள். கொட்டகையில் பழம் வந்து குவிந்துவிட்டதால் தீர்த்தா ஒரு மூட்டையை வீட்டுக்கே கொண்டுவந்து, ஆட்டுப் பந்தலின் ஓரத்தில் உட்கார்ந்து தட்டிக்கொண்டிருந்தாள். மடியில் பிள்ளை தூங்கிக்கொண்டிருந்ததால் முறம் தரையில் இருந்தது. மாதேஷும் குப்பம்மாளும் படலைத் திறந்துவிட்டார்கள். டாக்டரம்மா குனிந்து பார்த்தாள், கையுறை மாட்டிக்கொண்டு மறுபடி பார்த்தாள்.

"என்ன இது? கொஞ்சமும் ஆறலையே. இது நேத்து வந்த ரத்தம்."

மாதேஷ் பதறினான். "களிம்பு தவறாமப் போடுறோம் மேடம்."

"களிம்பு போட்டு என்ன? கிடா வருது. யார் விடுறீங்க?"

"வரலீங்க. இந்த வேலியப் பாருங்க, காக்காகூட நுழையாது. மாரியம்மன் சத்தியமா ஒரு கிடா இந்தப் பக்கம் வரலீங்க."

அவன் பொய் சொல்லவில்லை. சத்தியம் பண்ணின கையைத் தலைக்கு மேல் தூக்கி அம்மன் கோயில் திசையைப் பார்த்துக் கும்பிட்டான், கண் கலங்கியிருந்தது. டாக்டரம்மா குப்பம்மாளைப் பார்த்தாள். குப்பம்மாள் ஆட்டைப் பார்த்தாள், ஆட்டைத் தாண்டி மருமகளைப் பார்த்தாள். பார்த்த பார்வையை எங்கே வைப்பதென்று தெரியாமல், அடுப்புல பால் இருக்குது என்று முணுமுணுத்துக்கொண்டு உள்ளே போய்விட்டாள். மாதேஷ் தண்ணீர் கொண்டுவருகிறேன் என்று அவள் பின்னாலேயே போனான்.

தீர்த்தா தட்டிக்கொண்டிருந்தாள். கொட்டை ஒரு பக்கம், நார் ஒரு பக்கம். ஆடு அவளையே பார்த்துக்கொண்டு நின்றது. போகிற ஆடு எப்படி நிற்கும் என்று அவளுக்குத் தெரியும். முன்னங்கால் இரண்டும் வடக்கே, ஏரிக்கரையைப் பார்த்துத் திரும்பியிருந்தன. கழுத்துக் கயிறு தொய்வாகக் கிடந்தது, நுனியில் பல் பட்ட தடம் இருந்தது. இன்னும் நாலு இழைதான். எரவாணத்தில் செருகின சின்னப்பொண்ணுவின் கயிறு தீர்த்தாவின் கண்ணுக்கு முன்னால் வந்தது. இந்தத் தடவை போனால் எந்த மாத்திரைக்கும் திரும்பாது.

டாக்டரம்மா கையுறையைக் கழற்றிவிட்டு அவள் பக்கத்தில் குந்தி உட்கார்ந்தாள். "ஏம்மா, ஆடு உங்களதுதானே?"

தீர்த்தா தலையசைத்தாள்.

"நீங்க சொல்லுங்க. இது இப்படியே போனா பொழைக்காது. யாரையும் திட்ட மாட்டேன். எனக்குக் காரணம் தெரிஞ்சா போதும். ஏன் ஆற மாட்டேங்குது?"

இத்தனை நாளில் ஏன் என்று அவளிடம் கேட்ட முதல் ஆள், அதுவும் ஆட்டுக்கு வைத்தியம் பார்க்க வந்த ஆள். தீர்த்தாவுக்குக் காது மடல் சூடானது. கம்பியைக் கீழே வைத்தாள். முந்தானையில் கையைத் துடைத்தாள், கறை போகவில்லை, மறுபடி துடைத்தாள்.

"கிடா வேலிக்குள்ள வரலீங்க மேடம்," என்றாள், தனக்கே கேட்காத குரலில். "அவரு சொன்னது நெசம்தான். ஆனா."

"ஆனா?"

உள்ளேயிருந்து குப்பம்மாளின் குரல் வந்தது. "தீர்த்தா, புள்ள அழுவுது பாரு, வா."

பிள்ளை அவள் மடியில்தான் இருந்தது. கட்டை விரலை வாயில் வைத்துக்கொண்டு அமைதியாகத் தூங்கியது. டாக்டரம்மா பிள்ளையைப் பார்த்தாள், வாசலைப் பார்த்தாள், பிறகு மெதுவாகத் தீர்த்தாவின் முகத்தைப் பார்த்தாள். ஆடு கயிற்றை ஒருமுறை இழுத்தது, இழை ஒன்று விட்டது. தீர்த்தா பிள்ளையைத் தோளில் சாய்த்துக்கொண்டு பாதி எழுந்தாள், பாதி எழுந்தபடியே டாக்டரம்மாவின் கையைப் பிடித்தாள், பிடித்த கையின் கறுப்பு அந்த வெள்ளைக் கோட்டில் ஒட்டியது, "மேடம், அந்தத் தையல் ஆட்டோடது இல்லீங்க, அது" என்று அவள் வாயெடுக்கும்போதே, உள்ளேயிருந்து இந்தத் தடவை மாதேஷ், "தீர்த்தா" என்று கூப்பிட்டான், அவள் பிடித்த கையை விடவில்லை.